பூட்டிய மில்லுக்குள் போகிறவர்களுக்கு ஒரு லேத்காரனின் குறிப்பு

பாலக்கோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் பழைய ரைஸ் மில்லோ எண்ணெய் மில்லோ விலைக்கு வந்தால், ஷாஃப்ட் (சுழல் தண்டு) கழற்றவும், எது தேறும் எது தேறாது என்று பார்த்துச் சொல்லவும் என்னைக் கூப்பிடுவார்கள். அப்படிப் போகிற இடங்களில் இப்போதெல்லாம் கேமராவும் கையுமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தர்மபுரியிலிருந்து வருகிறார்கள், ஓசூரிலிருந்து வருகிறார்கள், பெங்களூரிலிருந்துகூட வருகிறார்கள். துரு, உடைந்த ஜன்னல், சுவரைப் பிளந்து முளைத்த அரசமரம் எல்லாவற்றையும் அழகாகப் படம் எடுக்கிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் நீளக் குழியைக் காட்டி, "இது என்னண்ணா, தண்ணித் தொட்டியா?" என்று கேட்கிறார்கள். அது எஞ்சினின் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் சுற்றின குழி. மில்லின் உயிர்நாடியே அங்கேதான் இருந்தது.

மில்லைப் பார்க்க ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும். விசை எங்கே பிறந்தது, எந்த வழியாகப் போனது, எங்கே போய் வேலை செய்தது என்று அதன் பின்னாலேயே நடந்து போவது. நெருப்பு, நீராவி, எஞ்சின், ஷாஃப்ட், பெல்ட், கடைசியில் இயந்திரம். இந்த வரிசையில் நடந்தால், எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போன வெறும் கொட்டகைகூடத் தன் கதையைச் சொல்லிவிடும்.

இந்த ஏற்பாடு நம் ஊரில் பிறந்ததல்ல. விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில் தேறி வந்தது. ஒரே பாய்லர் வீடு, ஒரே எஞ்சின், அதிலிருந்து மாடி மாடியாக ஷாஃப்ட், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பெல்ட். பர்ன்லி என்ற ஊரில் 1890களில் கட்டிய குவீன் ஸ்ட்ரீட் மில்லை நீராவி எஞ்சினோடு அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஓர் எஞ்சின் சுமார் 500 குதிரைசக்தியில் நூற்றுக்கணக்கான தறிகளை ஓட்டியது. நம் பக்கத்தில் சென்னை பின்னி மில்கள், கோயம்புத்தூரில் 1888இல் வந்த ஸ்டேன்ஸ் மில் எல்லாம் அந்த வம்சம். பாபநாசத்து ஹார்வி மில்லில் மட்டும் நீராவிக்குப் பதில் அருவித் தண்ணீரின் வேகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நான் பார்த்த மில்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை, உருவத்தில் சின்னவை. ஆனால் எலும்புக்கூடு அதேதான். காரிமங்கலத்தில் ஒரு ரைஸ் மில்லைப் படிக்கப் பழகிவிட்டால் மான்செஸ்டரில் ஐந்து மாடி மில்லையும் படித்துவிடலாம்.

முதலில் சாவி

பூட்டியிருக்கிறது என்றால் யாரோ ஒருவருக்குச் சொந்தம் என்று அர்த்தம். சுவர் ஏறிக் குதிப்பது அத்துமீறல். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329ஆம் பிரிவு. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. மூடின மில்லில் நுழைகிறவன் செம்புக் கம்பி திருட வந்தவன் என்றுதான் ஊர் நினைக்கும். அடி விழுந்த பிறகு கேமராவைக் காட்டிப் பயனில்லை.

எதிரே இருக்கும் டீக்கடையில் கேளுங்கள். மில் யாருடையது, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள், பங்காளித் தகராறு ஏதாவது ஓடுகிறதா என்பதெல்லாம் ஒரு டீயில் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் அ-பதிவேட்டில் புல எண்ணும் பட்டாதாரர் பெயரும் இருக்கும். கேட்டில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், அங்கே அனுமதி வாங்குவது சுலபமல்ல. அண்ணன் தம்பிக்குள் வழக்கு நடக்கிறது என்றால் இரண்டு பேரிடமும் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போனால் மற்றவருக்கு நீங்கள் எதிராளியின் ஆள்.

பேச்சைத் தொடங்கும்போதே, "ஐயா, நான் இரும்பு வியாபாரம் பேச வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் முகம் அப்போதுதான் இளகும். ராயக்கோட்டை தாண்டி ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் வாட்ச்மேன் தெலுங்கோ கன்னடமோ பேசுவார். தெரிந்த ஆளைக் கூட அழைத்துப் போங்கள். எப்படியும் தனியாகப் போகக் கூடாது.

என்ன எடுத்துக்கொண்டு போவது

தடித்த அடியுள்ள, கணுக்கால் மூடிய ஷூ. செருப்பு போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் உள்ளே விடுவதே இல்லை. பழைய பலகையில் ஆணிகள் மேல்நோக்கி நிற்கும், குடிக்க வந்தவர்கள் உடைத்த பாட்டில்களும் கிடக்கும். முழுக்கை சட்டை, நல்ல டார்ச் இரண்டு, ஒரு நீளக் கழி, அளவு டேப், நோட்டு, சாக்பீஸ், தண்ணீர். வௌவால் புழுக்கைக்கு N95 முகக்கவசம் போதும். தொப்பியைவிட ஹெல்மெட் நல்லது, பைக் ஹெல்மெட்டாக இருந்தாலும் சரி. டெட்டனஸ் தடுக்கும் டிடி ஊசி போட்டு வருடக்கணக்காகிவிட்டது என்றால் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். மழைக்குப் பிறகு போனால் வேலிக்காத்தானும் பூண்டும் மண்டி, கிணறு எது தரை எது என்று தெரியாது. மே மாதம் ஷீட் கூரைக்குக் கீழே நிற்கவே முடியாது. காலை ஒன்பது, பத்து மணி வெளிச்சம் போதுமானது. இருட்டின பிறகு வேண்டாம். எலி இருக்கிற இடத்தில் கட்டுவிரியன் இருக்கும், அது ராத்திரிச் சரக்கு.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

வெளியே ஒரு சுற்று

உள்ளே போகும் அவசரம் வேண்டாம். முதலில் சுவரை ஒட்டாமல், பத்தடி தள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கழியால் முன்னால் தட்டிக்கொண்டே நடங்கள். நீராவி மில் என்றால் கிணறு இல்லாமல் இருக்காது. கைப்பிடிச் சுவர் இடிந்து, கொடி படர்ந்து மூடின கிணறுகள்தான் இந்தத் தொழிலில் நான் பயப்படுகிற ஒரே விஷயம்.

புகைபோக்கியைப் பாருங்கள். ஏறாதீர்கள், அடியிலும் நிற்காதீர்கள். உச்சிச் செங்கல்கள் காரை விட்டுப்போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டிருந்தால் ஒரு காலத்தில் விரிசல் கண்டது என்று புரிந்துகொள்ளலாம். அடியில் கரி வாருகிற சின்னக் கதவு இருக்கும். அங்கிருந்து மில் சுவரைப் பார்த்து, பாய்லர் எந்தப் பக்கம் இருந்தது என்று கண்டுபிடியுங்கள். அதுதான் உங்கள் கதையின் முதல் வரி.

பக்கத்தில் சாம்பல் மேடு இருக்கும். உமி எரித்த மில்களில் அது ஒரு குன்றே. மழையில் மேலே இறுகி ஓடு கட்டியிருக்கும், உள்ளே பொலபொலவென்று இருக்கும். அதன் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். சமீபத்தில்தான் மூடின மில் என்றால் உள்ளே கனலும் இருக்கலாம்.

பெரிய கதவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இலும், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இலும் இரண்டரை அடி அகல சின்ன ரயில் வந்தது. தர்மபுரிப் பாதையை 1913இல் ஓசூர் வரை நீட்டினார்கள். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரப் போட்ட பாதைகள் அவை. 1941க்குள் இரண்டையும் மூடிவிட்டார்கள். அதற்கு முந்திய கட்டடம் என்று சந்தேகம் வந்தால், கதவு இன்றைய சாலையைப் பார்க்கிறதா, பழைய பாதை போன திசையைப் பார்க்கிறதா என்று நின்று யோசியுங்கள்.

பாய்லரும் எஞ்சின் அறையும்

பாய்லர் இன்னும் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். முன்முகத்தில் எத்தனை பெரிய குழாய் என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் கார்னிஷ் வகை. இரண்டு என்றால் லங்காஷயர் வகை, ஃபேர்பெய்ர்ன் என்ற பொறியாளர் 1844இல் கொண்டுவந்தது. ஒரு குழாயில் கரி போடும்போது அடுத்ததில் நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும், நீராவி தளராது. நம்மூர்ச் சின்ன மில்களில் நெல் அவிக்க மட்டும் செங்குத்தான குட்டிப் பாய்லர் ஒன்று நிற்கும்.

அந்தக் காலத்தில் இருந்த 1923ஆம் ஆண்டுப் பாய்லர் சட்டப்படி பதிவு எண்ணைத் தகட்டில் அழியாதபடி பொறிக்க வேண்டியிருந்தது. அதைத் தேடுங்கள். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. தகட்டோடு தகடாகப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள், எழுத்து நிழல் கட்டி எழுந்து வரும். தேய்ந்த எழுத்தென்றால் சாக்பீஸை லேசாகத் தேய்க்கலாம். கம்பி பிரஷ் வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கும்.

பாய்லர் வாயில் தலையை விடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். இரும்பு துருப்பிடிக்கக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் செலவாகும். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த பாய்லருக்குள் மூச்சுக்குத் தேவையான காற்றே இல்லாமல் போயிருக்கலாம். இறங்கினவன் கூப்பிடக்கூட மாட்டான். மூடின தொட்டி, கிணறு எல்லாவற்றுக்கும் இதேதான். பாய்லர் மேலும் குழாய் மேலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினதுபோல் ஏதாவது உதிர்ந்துகொண்டிருந்தால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு அதிகம். தொடாமல், உதறாமல், அந்த மூலையை விட்டு வந்துவிடுங்கள். N95 அதற்குப் போதாது.

அடுத்த அறை எஞ்சினுடையது. எஞ்சின் அநேகமாக இருக்காது. தரையில் கருங்கல்லிலோ காரையிலோ கட்டின மேடையும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த போல்ட்டுகளும், பக்கத்தில் நீளக் குழியும் இருக்கும். குழியின் நீளத்தை அளந்தால் ஃப்ளைவீலின் குறுக்களவு தோராயமாகக் கிடைக்கும். குழிச் சுவரில் எண்ணெய் தெறித்த கறை வளைவாக இருந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். மேடை மேல் புதிய காரை போட்டு நான்கு சின்ன போல்ட் நட்டிருக்கிறதா? அங்கேதான் மோட்டாரை உட்கார வைத்தார்கள். மின்சாரம் வந்தபோது பெரும்பாலான முதலாளிகள் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வாங்கவில்லை. எஞ்சினைத் தூக்கிவிட்டு ஒரே மோட்டாரை வைத்து, பழைய ஷாஃப்டிலேயே பெல்ட் மாட்டிவிட்டார்கள். விக்டோரியா காலத்து ஏற்பாடு நம் ஊரில் நீடித்ததற்குச் சிக்கனம்தான் காரணம்.

மோட்டாரும் ஸ்விட்ச் போர்டும் இருந்தால் கை வைக்காதீர்கள். மில் மூடியிருக்கும், ஆனால் கிணற்று மோட்டாருக்கென்று லைன் உயிரோடு இருக்கும்.

ஷாஃப்டைப் படிப்பது

இதுதான் என் பேட்டை, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எஞ்சின் அறைச் சுவரில் ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாகத்தான் ஷாஃப்ட் மில்லுக்குள் நுழைந்தது. அந்த ஓட்டைக்கு நேரே உள்ளே நின்று மேலே பாருங்கள். தூலத்திலோ தூணிலோ வரிசையாகப் பிளம்மர் பிளாக்குகள், அதாவது ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் கட்டைகள். ஷாஃப்ட் போய்விட்டாலும் அவை மாட்டியிருந்த போல்ட் ஓட்டைகள் நேர்கோட்டில் தெரியும்.

பிளாக் திறந்து கிடந்தால் உள்ளே ஷாஃப்ட் உட்கார்ந்து சுற்றும் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷைப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. பெல்ட் எந்தத் திசையில் இழுத்ததோ அந்தப் பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். கீழ்ப்பக்கம் தேய்ந்திருந்தால் இயந்திரம் நேர் கீழே நின்றது. ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் சாய்வாகப் பெல்ட் ஓடியது. இயந்திரமே இல்லாத கூடத்தில் அது நின்ற இடத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாம். சந்தேகமிருந்தால் சுவரைப் பாருங்கள். பெல்ட்டிலிருந்து தெறித்த எண்ணெய் ஒரு கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும்.

பெல்ட் மாட்டும் சக்கரமான புல்லியின் முகத்தில் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். நடுவில் ஒட்டும், இரண்டு ஓரத்திலும் நூலிழை அளவு வெளிச்சம் தெரியும். நடுவை வேண்டுமென்றே மேடாகக் கடைந்திருக்கிறார்கள். தட்டையான பெல்ட் எப்போதும் மேடான இடத்துக்கே ஏறி வரும், அதனால் நழுவி விழாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்லி இருந்தால் ஒன்று ஷாஃப்டோடு சாவி (இரும்பு ஆப்பு) போட்டு இறுக்கியது, மற்றது சும்மா சுற்றுவது. இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்றால் ஒரு மரக் கவையால் பெல்ட்டைச் சும்மா சுற்றும் புல்லிக்குத் தள்ளிவிடுவார்கள். மற்ற இயந்திரங்கள் பாட்டுக்கு ஓடும். அந்தக் கவையின் கைப்பிடியைத் தேடிப் பாருங்கள், பல வருடம் கை பட்டு மெருகேறியிருக்கும்.

அளவு டேப்புக்கு இங்கேதான் வேலை. மோட்டார் தகட்டில் 1440 சுற்று என்று போட்டிருக்கிறது, மோட்டார் புல்லி 6 அங்குலம், ஷாஃப்டில் உள்ள பெரிய புல்லி 36 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1440ஐ 6ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால் 240. நிமிடத்துக்கு 240 சுற்று ஷாஃப்ட் சுற்றியது. அதே ஷாஃப்டில் 18 அங்குலப் புல்லியிலிருந்து, உமி நீக்கும் இயந்திரமான ஹல்லரின் 6 அங்குலப் புல்லிக்குப் பெல்ட் போனால் 720. பெல்ட் வழுக்கலுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று கழித்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் 1880களில் வந்த ஏங்கல்பெர்க் வகை ஹல்லர்தான் நம் மில்களில் நின்றது. வார்ப்பிரும்பு உடம்பு, உள்ளே வரி போட்ட உருளை, பக்கத்தில் கத்தி. நெல்லை உரசி உரசியே உமி நீக்கும், அதனால் நொய் அதிகம். ரப்பர் உருளை மில்கள் வந்தபோது இவை தோற்றதற்கு அந்த நொய்தான் காரணம்.

கட்டடத்தின் வயது

இரும்பு உத்தரமான கர்டரின் பக்கவாட்டில் எழுத்து இருக்கும். டார்மன் லாங் என்றிருந்தால் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ சரக்கு. டாடா என்றிருந்தால் ஜாம்ஷெட்பூர், அங்கே உருக்கு வார்க்கத் தொடங்கியது 1912இல். பழைய தண்டவாளத்தையே தூலமாகப் போட்டிருந்தால் அதன் நடுப்பட்டையில் செய்தவர் பெயரும் வருடமும் உருட்டியிருப்பார்கள். ஆனால் இரும்பு கைமாறும் பொருள். 1890 என்று போட்ட தண்டவாளம் 1950இல் கட்டின மில்லில் இருக்கும். அது சொல்வதெல்லாம் கட்டடம் அதற்கு முந்தியதில்லை என்று மட்டும்தான்.

ஓட்டின் அடிப்பக்கம் இன்னும் நம்பகமானது. மங்களூர்ப் பக்கம் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் உலகப் போரில் அது ஜெர்மன், சுவிஸ் பாதிரிமார்களின் கையை விட்டுப் போய்க் காமன்வெல்த் கம்பெனிக்கு வந்தது. கீழே விழுந்து கிடக்கும் ஓட்டைக் கழியால் புரட்டிப் பாருங்கள், கையால் வேண்டாம், தேள் இருக்கும். பாசல் மிஷன் என்றிருந்தால் போருக்கு முந்திய ஓடு, காமன்வெல்த் என்றிருந்தால் பிந்தியது. கூரை மேல் ஏறிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஓடு தாங்காது, சிமென்ட் ஷீட் அதைவிட மோசம்.

மூடின வருடத்துக்குச் சுவர்க் காலண்டர் போதும். ஆபீஸ் அறையில் சட்டம் போட்ட லைசென்ஸ் தொங்கினால் படம் எடுங்கள். 1958ஆம் ஆண்டு அரிசி ஆலைச் சட்டம் வந்ததிலிருந்து, 1997இல் அதை நீக்கும்வரை லைசென்ஸ் இல்லாமல் மில் ஓட்ட முடியாது என்றிருந்தது. கணக்கு நோட்டுகளைப் பிரிக்க வேண்டுமென்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். அதில் ஊர்க்காரர்களின் கடன் இருக்கும்.

வேலை பார்த்தவர்கள்

முடிந்தால் முன்பு அங்கே டிரைவராக இருந்தவரைத் தேடுங்கள். எங்கள் பக்கம் எஞ்சின் ஓட்டுகிறவரை டிரைவர் என்றுதான் சொல்வார்கள். அவரை மில்லுக்குள் நிற்க வைத்துக் கேளுங்கள், வீட்டுத் திண்ணையில் கேட்டால் பாதிதான் வரும். "தாத்தா, காலையில் வந்ததும் முதலில் எங்கே போவீர்கள்?" என்று கேட்டால் போதும், கால் தானாக நடக்கும். எண்ணெய் டப்பா வைத்த மாடத்தைக் காட்டுவார், பெல்ட் அறுந்தால் எதைப் பிடித்து எந்தப் பக்கம் குதிப்பார் என்று காட்டுவார். களத்தில் நெல் காயவைத்த அம்மாமார்களை விட்டுவிடாதீர்கள். எந்த மூலையில் முதலில் நிழல் விழும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். களம் ஏன் அந்தச் சரிவில் போட்டிருக்கிறது என்பதும் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. திடீர் மழை வந்தால் தண்ணீர் குடோன் பக்கம் போகாமல் வெளியே ஓட வேண்டும்.

ஒரு போல்ட்டைக்கூட எடுத்து வராதீர்கள். படங்களில் ஒரு பிரதியை உரிமையாளருக்குக் கொடுங்கள், அடுத்த தடவை சாவியை அவரே கொண்டுவந்து தருவார். இணையத்தில் போடும்போது இடத்தின் லொகேஷனைப் போடாதீர்கள், திருடர்களும் அதைத்தான் தேடுகிறார்கள்.

எப்போது போவது என்பதைப் பழைய இரும்புக்காரர்களின் வரிசை தெரிந்தால் நீங்களே முடிவு செய்யலாம். முதலில் செம்புக் கம்பியும் மோட்டாரும் போகும். அப்புறம் பித்தளை வால்வு, கன்மெட்டல் புஷ், அவற்றோடு நேம் பிளேட். பிறகு ஹல்லர், புல்லி போன்ற வார்ப்பிரும்பைச் சம்மட்டியால் உடைத்து ஏற்றுவார்கள். ஷாஃப்டையும் பாய்லரையும் கேஸ் கட்டர் வைத்துத் துண்டு போடுவது கடைசியில். கதவு, ஜன்னல், தேக்குத் தூலம் கிளம்பிவிட்டால் அடுத்து ஜேசிபிதான். ஆகவே உள்ளே போனதும் முதல் படம் நேம் பிளேட்டாக இருக்கட்டும், இரண்டாவது புஷ், சுவரில் முளைத்த அரசமரத்தைக் கடைசியாக எடுத்துக்கொள்ளலாம்.